மூன்று டிஸ்க் விழுங்கிய சக்கரம்

அத்தியாயம் 6

பாய் ஊரிலிருந்து சியாங் மாய்க்கு இறங்கும் மலைப்பாதையில் எழுநூற்று அறுபத்திரண்டு வளைவுகள். எழுநூற்று நாற்பதைத் தாண்டிய ஏதோ ஒன்றில் திப்பவானின் மடியில் ஐஸ் காபி கவிழ்ந்தது.

டிரைவர் மானோப் பிரேக்கைத் தொட்டதுதான் தாமதம், குளிர்காய்ச்சல்காரனின் பற்களைப் போல ஸ்டியரிங் கடகடவென்று ஆடியது. உதறல் அவன் முழங்கை வரை ஏறியது. கண்ணாடியில் தொங்கிய ஏழு தாயத்துகளும் ஒன்றோடொன்று மோதிச் சலசலத்தன. அவன் காலை எடுத்தான். உதறல் அந்த நொடியே நின்றது.

“பாத்தீங்கல்ல அக்கா?”

“பாத்தேன். நனைஞ்சும் போனேன்.”

பின்சீட்டிலிருந்து அவளுடைய உதவியாளன் குங்கின் குரல் வந்தது. “காபியை வெளிப்பூச்சா எடுத்துக்கச் சொன்ன டாக்டர் யாருக்கா?”

திப்பவான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் திட்ட வேண்டியிருக்கும். திட்டுவதற்கும் சக்தி வேண்டும். மூன்று நாளாக அவளுக்கு அது இல்லை.

சியாங் மாயில் ஒற்றை அறையில் நடக்கும் அவளுடைய துப்பறியும் நிறுவனத்துக்குக் காணாமல்போன கணவன்கள் வருவார்கள், பொய்யாக எரிந்த கடைகள் வரும். நடுங்கும் ஸ்டியரிங் வந்தது இதுதான் முதல் தடவை. வேன் கம்பெனி முதலாளியம்மா அம்போன் அனுப்பியிருந்தாள். ஊரே அவளை ‘ஜே’ என்றுதான் கூப்பிடும். மூத்த அக்கா என்ற மரியாதையும், வட்டிக்கடைக்காரி என்ற பயமும் சேர்ந்த அழைப்பு அது.

கைப்பேசி அலறியது. ஜேயேதான். அவள் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. வண்டி முழுக்கக் கேட்கும்.

“அறிக்கை எழுதியாச்சா?”

“இன்னும் இல்ல ஜே.”

“எழுத என்ன இருக்கு? பிரேக்கை மிதிச்சுக்கிட்டே மலை இறங்குறான். எட்டு மாசத்துல மூணு ஜோடி டிஸ்க் தின்னுட்டான். வண்டி உதறுதுன்னு பயணிங்க என் முகத்துக்கு நேரா கேக்குறாங்க. இதுல கண்ணாடி நிறையத் தாயத்து வேற. வண்டி எஞ்சின்ல ஓடுது, தாயத்துல ஓடலைன்னு எத்தனை தடவை சொல்றது? நாலு மணிக்குப் புது டிரைவர் வந்து உக்காருவான். நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க, நான் இவன்கிட்டச் சாவியை வாங்கிக்கிறேன்.”

தொடர்பு அறுந்தது. மானோப் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. நாற்பத்தொரு வயது. பதினோரு வருஷம் முட்டைக்கோஸ் லாரி ஓட்டிக் காத்திருந்து இந்த வேன் வரிசையில் இடம் பிடித்தவன். பிரேக் தின்னி என்று பெயர் வாங்கி வெளியேறினால் இந்த மலையில் எந்தக் கம்பெனியும் அவனை ஏற்றிக்கொள்ளாது. மறுபடி முட்டைக்கோஸ்தான், அதுவும் கிடைத்தால்.

“நான் ரெண்டாவது கியர்லதான் இறக்குறேன் அக்கா. வளைவுல மட்டும்தான் தொடுறேன்.”

அது உண்மை. காலையிலிருந்து அவள் அவனுடைய வலது காலைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறாள். இவ்வளவு நேரம் ஒரு ஆண்பிள்ளையின் காலை அவள் பார்த்ததே இல்லை. அந்தக் கால் குற்றம் செய்யவில்லை. ஆனால் செய்யாத குற்றத்தை ஒரு வரியில் எழுத முடியாது. செய்தவனைக் காட்டினால்தான் ஜே ஒப்புக்கொள்வாள்.

“சரி, இதுவரைக்கும் நமக்குத் தெரிஞ்சதைச் சொல்லு,” என்றாள் குங்கிடம்.

குங் நோட்டைப் புரட்டினான். வாயில் வாட்டிய பன்றி இறைச்சிக் குச்சி. பேச்சு அதைச் சுற்றிக்கொண்டு வந்தது.

“ஒண்ணு, பிரேக் அடிச்சாத்தான் உதறுது, சும்மா ஓடும்போது இல்ல. அதனால டயர் நிரபராதி. ரெண்டு, கைதான் உதறுது, சீட்டு உதறலை. அதனால பின்சக்கரம் நிரபராதி. மூணு, புது டிஸ்க் போட்டா மூணு வாரம் தங்கமா ஓடுது, அப்புறம் ஆரம்பிக்குது. போலிச் சரக்குன்னா வேற வேற கடையில வாங்கின மூணும் எப்படிப் போலியாகும்? அதனால டிஸ்க் கடைக்காரனும் நிரபராதி. அக்கா, இந்தக் கேஸ்ல நிரபராதிங்க கூட்டம் தாங்கல. இன்னும் ரெண்டு பேரு சேந்தா வேன் ரொம்பிடும்.”

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் டிஸ்க் என்ற அந்த இரும்பு வட்டைத்தான் பிரேக் கவ்விப் பிடிக்கிறது. வட்டு ஒரே கனமாக இருந்தால் பிடி வழுவழுப்பாக விழும். ஓரிடம் மெலிந்து ஓரிடம் தடித்துவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உதை. அந்த உதைதான் ஸ்டியரிங்கில் ஏறுகிறது. இவ்வளவும் திப்பவானுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஏன் மெலிகிறது என்பதுதான் மூன்றாம் நாளும் தெரியவில்லை.

மே மாலை என்ற ஊரின் சாலைச் சந்திப்பில் மலை முடிந்தது. புகை மூட்டத்தில் சூரியன் ஊறுகாய்க்குப் போட்ட முட்டை மாதிரி மங்கலாகத் தொங்கியது. காட்டுத்தீக் காலம். தொண்டைக்குள் சாம்பல் உட்கார்ந்திருந்தது.

சாலையோரத்தில் பன்னீ என்பவளின் நூடுல்ஸ் கடை. கடைக்கு முன்னால் ஒரு ரப்பர் குழாய். மலை இறங்கி வரும் வேன்களின் சக்கரத்துக்கு அவள் தண்ணீர் பீச்சியடித்துக்கொண்டிருந்தாள். சக்கரம் புஸ்ஸென்று ஆவி விட்டது.

திப்பவானின் முதுகு நிமிர்ந்தது. கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் வட்டு கோணிப்போகும். அதுவும் குழாய் நீளம் போதாமல் பன்னீ இடது பக்கம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தாள்.

“குங். அங்க பாரு.”

“பாத்துட்டேன். பன்னீ அக்கா, கையை மேல தூக்குங்க.”

பன்னீ குழாயோடு திரும்பினாள். குங்கின் செருப்பு நனைந்தது.

“எத்தனை வண்டிக்கு இப்படி அடிப்பீங்க?” என்று திப்பவான் கேட்டாள்.

“நிக்கிற வண்டிக்கெல்லாம் அடிப்பேன். தண்ணி மலையில இருந்து சும்மா வருது, எனக்கென்ன.”

“மானோப் வண்டிக்கு?”

பன்னீயின் முகம் வேப்பங்காயைக் கடித்ததுபோல் ஆனது. “அவனுக்கா? நாலு மாசமா ஒரு சொட்டுக் கிடையாது. என் சேவல் மேல வண்டியை ஏத்தப் பாத்தவன் அவன்.”

“சேவல்தான் ரோட்டுல படுத்திருந்துச்சு,” என்றான் மானோப் வண்டிக்குள்ளிருந்து.

“அது ஒம்போது வருஷமா அங்கதான் படுக்குது.”

அவள் தண்ணீர் அடிக்கும் மற்ற வேன்கள் உதறவில்லை. தண்ணீரே படாத வேன் உதறுகிறது. மூன்று நாளில் செத்துப்போன ஐந்தாவது தடயம். திப்பவான் வண்டியில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினாள். கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. மறுபடி திறந்து மறுபடி சாத்தினாள்.

“நிரபராதிகள் பட்டியல்ல சேவலையும் சேத்துடவா?” என்றான் குங்.

“வாயை மூடு.”

ஒரு நிமிஷம் கழித்து அவளே சொன்னாள். “பாய் ஊர்க்காரனைக் கூப்பிடு. மூணாவது ஜோடியை மாட்டினவன்.”

நேற்று பாயில் அந்தக் கடைக்குப் போனபோது பூட்டியிருந்தது. மெக்கானிக் சாய் லோன் தன் அக்கா மகனைத் துறவியாக்கும் திருவிழாவுக்குப் போயிருந்தான். இப்போது கைப்பேசியில் அவன் குரலுக்குப் பின்னால் முரசும் ஜால்ராவும் முழங்கின.

“சக்கரத்தைக் கழட்டினப்ப ஏதாவது வித்தியாசமா இருந்துச்சாப்பா?” திப்பவான் கத்த வேண்டியிருந்தது.

“இல்லைங்க அக்கா. எல்லாம் எப்பவும் போலத்தான்.”

“நல்லா யோசி.”

“யோசிச்சிட்டேன். எப்பவும் போலத்தான். பையனைத் தோள்ல தூக்கணும், வச்சிடுறேன்.”

கம்மூனின் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். வேன் கம்பெனிக்கு இருபது வருஷமாக மெக்கானிக் அவர், அறுபது வயது, வாயில் எப்போதும் பற்றவைக்காத சிகரெட். முதல் இரண்டு தடவை டிஸ்க் மாற்றியது அவர்தான். நாலாவது ஜோடி இப்போதே அலமாரியில் பிளாஸ்டிக் உறையோடு காத்திருந்தது.

“வாம்மா. இன்னிக்காவது முடியுமா?”

“முடியலைன்னா நாலு மணிக்கு இவர் முடிஞ்சிடுவாரு மாமா. கழட்டிப் போட்ட பழைய டிஸ்க் எங்க?”

இரண்டு ஜோடியும் மூலையில் கிடந்தன. கம்மூன் ஒழுங்கான ஆள். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக்கட்டியால் தேதியும், இடதா வலதா என்பதும் எழுதி வைத்திருந்தார். குங் மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு வட்டையும் எட்டு இடத்தில் அளந்தான். ஒரு மணி நேரத்தில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து நக்கல் வரவில்லை.

“அக்கா. வலது ரெண்டும் சுத்தி ஒரே கனம். இடது ரெண்டும் ஒரு பக்கம் மெலிஞ்சிருக்கு. தலைமுடி கனத்துல பாதிதான், ஆனா மெலிஞ்சிருக்கு.”

திப்பவான் குந்தி உட்கார்ந்து நாலு வட்டுகளையும் பார்த்தாள். பிறகு மானோப்பைப் பார்த்தாள்.

“உங்களுக்கு எத்தனை பிரேக் பெடல்?”

“ஒண்ணுதான்.”

“மிதிக்கிறது ஒரு கால், ஒரு பெடல். அடி வாங்குறது ரெண்டு சக்கரம். நீங்க பிரேக் தின்னின்னா ரெண்டு பக்கமும் சமமாத்தானே தின்னிருக்கணும்?”

மானோப் அப்படியே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் அவன் பக்கம் பேசியிருக்கிறார்.

“அதுக்காகச் சந்தோஷப்பட்டுடாதீங்க,” என்றாள். “நீங்க இல்லைன்னு மட்டும்தான் தெரியுது. யாருன்னு கேப்பாங்க. மாமா, ரெண்டு முன்சக்கரத்தையும் கழட்டுங்க. டிஸ்க்கை மட்டும் இல்ல, அது உக்கார்ற இடத்தையும் பாக்கணும்.”

கம்மூன் சிகரெட்டை வாயின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தள்ளினார். “வலதுல இருந்து ஆரம்பிக்கிறேன்.”

வலது சக்கரம் ஆறு நிமிஷத்தில் கழன்றது. நட்டுகளை ஒரு தகரக் கிண்ணத்தில் எறிந்தார். வட்டை உருவித் தரையில் போட்டுக் காலால் ஓரமாகத் தள்ளினார். அது உட்காரும் அச்சின் முகம் பளிச்சென்று இருந்தது. ஒன்றும் இல்லை.

பிறகு எழுந்து கொல்லைக் குழாயடிக்குப் போனார். சோப்புத்தூள் எடுத்து முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். துவைத்த துண்டில் துடைத்தார். சிகரெட்டை எடுத்துக் காதில் செருகினார்.

“நீ உள்ள போய் மின்விசிறியில உக்காரும்மா,” என்றார் திப்பவானிடம். “வெயிலு.”

“நிழல்லதான் நிக்கிறேன்.”

“புகையா இருக்கு.”

“உள்ளேயும் அதே புகைதான் மாமா.”

குங் இறைச்சிக் குச்சியால் பல் குத்திக்கொண்டே சொன்னான். “வேலை முடிஞ்சு கை கழுவுற மெக்கானிக்கை நிறையப் பாத்திருக்கேன். வேலைக்கு முன்னாடி கழுவுறவரை இன்னிக்குத்தான் பாக்குறேன். ஆபரேஷனா மாமா?”

கம்மூன் சிரிக்கவில்லை.

திப்பவானும் சிரிக்கவில்லை. அவள் தரையில் கிடந்த வலது வட்டைப் பார்த்தாள். காலால் தள்ளப்பட்டது. பிறகு இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் அவர் கொண்டுவந்து போட்டிருந்த உயரமான முக்காலியைப் பார்த்தாள். அதன் மேல் சுத்தமான துணி விரித்திருந்தது.

“மாமா,” என்றாள் மெதுவாக. “வலது டிஸ்க்கை எட்டி உதைச்சீங்க. இடதுக்கு நாற்காலி போடுறீங்க. அதுக்குள்ள யாரு குடியிருக்காங்க?”

கம்மூன் முக்காலியின் துணியை நீவிவிட்டார்.

“சொல்லக் கூடாதும்மா,” என்றார் கம்மூன். “சொன்னா பலிக்காது.”

“சொல்ல வேணாம். கழட்டுங்க.”

அவர் கழற்றினார். நட்டு ஒவ்வொன்றாக, பூப்பறிப்பது மாதிரி. இடது வட்டை முன்னால் இழுத்தபோது அதன் முதுகுக்கும் அச்சின் முகத்துக்கும் நடுவில் ஏதோ மின்னியது. விரல் அகலத்தில் ஒரு செப்புத் தகடு. நசுங்கி நசுங்கி அச்சோடு ஒட்டிப்போயிருந்தது. அதில் ஊசிமுனையால் கீறிய கட்டங்கள், கட்டத்துக்குள் பழைய எழுத்துகள்.

கம்மூன் இரண்டு கையாலும் எடுத்து நெற்றியில் ஒற்றி, முக்காலித் துணியின் மேல் வைத்தார்.

மானோப்பின் முகத்தில் ரத்தமே இல்லை. “எனக்கு யாரோ செய்வினை வச்சிருக்காங்க.”

“அட, இல்லப்பா,” என்று கம்மூன் பதறினார். “காப்புத் தகடு. மலைக்கோயில் பெரிய சாமியார் கையால எழுதினது. வண்டி பள்ளத்துல போகாம இருக்க. யாரும் மிதிக்காத இடம், யாரும் திருடாத இடம்னு அங்க வச்சேன். காகிதம் மாதிரி மெல்லிசு. அதால என்ன ஆகும்?”

“ஒவ்வொரு தடவை டிஸ்க் மாத்தும்போதும்?”

“எடுத்துக் கும்பிட்டுத் திரும்ப வைப்பேன். தூக்கியா போட முடியும்?”

திப்பவானுக்குக் கோபம் வந்தது. மூன்று நாள், ஐந்து தடயம், ஒரு காபி. “மாமா, மேசை ஆடினா கால்ல காகிதம் மடிச்சு வைப்போம். ஆடாத மேசைக்கு அதே காகிதத்தை வச்சா?”

கம்மூன் போய் ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே தூசி படிந்த டயல் கேஜ், வட்டின் ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி. அலமாரியிலிருந்த புது வட்டை எடுத்து, தகட்டைப் பழைய இடத்திலேயே வைத்து, மேலே மாட்டி நட்டுகளை முடுக்கினார். கேஜின் முனையை வட்டின் விளிம்பில் வைத்து மெல்லச் சுற்றினார். முள் ஒரு பக்கம் ஓடியது, மறு பக்கம் ஓடியது. பன்னிரண்டு கோடு. கோடு ஒன்றுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

“எத்தனை வரைக்கும் பொறுக்கலாம்?” என்று குங் கேட்டான்.

“அஞ்சு,” என்றார் கம்மூன். குரல் இறங்கியிருந்தது.

தகட்டை எடுத்தார். அச்சின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தார். மறுபடி அதே வட்டு, அதே நட்டு. சுற்றினார். முள் இரண்டு கோட்டுக்குள் சும்மா மூச்சு விட்டது.

சாய்ந்து உட்கார்ந்த புது வட்டு முதலில் வழுவழுப்பாகத்தான் ஓடும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பிரேக் கட்டையில் உரசிக்கொண்டே போகும். மூன்று வாரத்தில் அந்த இடம் மெலிந்துவிடும். பிறகு வட்டை மாற்றுவார்கள். தகடு மட்டும் பத்திரமாக இருக்கும்.

குங் ஏற்கெனவே கைப்பேசியை எடுத்திருந்தான். முரசுச் சத்தம் பட்டறையை நிறைத்தது.

“சாய் லோன் அண்ணே, இடது சக்கரத்துக்குள்ள ஒரு தகடு இருந்துச்சா?”

“இருந்துச்சே.”

“எல்லாம் எப்பவும் போலன்னு சொன்னீங்க?”

“தகடு இருக்கிறது எப்பவும் போலத்தானே தம்பி. கும்பிட்டுட்டு அங்கேயே வச்சேன். நீங்க எடுத்துடலையே?”

குங் கைப்பேசியை அணைத்தான். “அக்கா, மூணு வாரம் கழிச்சு நானும் துறவியாகிடறேன்.”

மணி இரண்டே முக்கால்.

“யாரு குடுத்தது மாமா?”

கம்மூன் தலையை ஆட்டினார். “வாக்குக் குடுத்திருக்கேன்.”

“மானோப் அண்ணனாத்தான் இருக்கும்,” என்றான் குங். “கண்ணாடியைப் பாருங்க, ஏழு தொங்குது.”

“ஏழு தாயத்தைக் கண்ணுக்கு முன்னாடி மாட்டினவரு எட்டாவதை எதுக்கு ஒளிக்கணும்?” என்றாள் திப்பவான். “இது வெளியில காட்ட வெக்கப்படுற ஆளு. மாமா, யாருன்னு சொல்ல வேணாம். எப்பன்னு மட்டும் சொல்லுங்க.”

கம்மூன் யோசித்தார். நாளைச் சொல்லக் கூடாது என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. “லாம்பாங்குல இருந்து வண்டியை வாங்கிட்டு வந்த அன்னிக்கே.”

“எனக்கு வண்டியைக் குடுத்தது அடுத்த வாரம்தான்,” என்றான் மானோப்.

“அப்ப அன்னிக்கு இந்த வண்டிக்கு டிரைவரே இல்ல,” என்றாள் திப்பவான். “சாவி ஒரே ஒரு ஆளு கையில இருந்தது.”

யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கம்மூன் காதிலிருந்த சிகரெட்டை எடுத்து, பல வருஷத்தில் முதல் தடவையாக, பற்றவைத்தார்.

ஜேயின் அலுவலகத்தில் கடிகாரம் நாலு அடித்து ஓய்ந்தபோது புது டிரைவர் வெளிப் பெஞ்சில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜே மேசைக்குப் பின்னால், குட்டையாக, குண்டாக, மூக்கு நுனியில் கண்ணாடியோடு இருந்தாள். மேசையில் ஒரு தாள். கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

மானோப் சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலோரம் நின்றான்.

“எழுதியாச்சா?” என்றாள் ஜே.

“குங்,” என்றாள் திப்பவான்.

குங் சட்டைப்பையிலிருந்து மடித்த துணியை எடுத்தான். இடுப்புக்குக் கீழே வைக்கக் கூடாது என்று கம்மூன் மூன்று தடவை சொல்லியனுப்பியிருந்தார். துணியைத் தாளின் மேல் வைத்து விரித்தான்.

ஜேயின் கைகள் தானாகக் கூப்பிக்கொண்டன. கூப்பிய பிறகுதான் அவள் மற்றவர்களைப் பார்த்தாள். கைகளை இறக்கினாள். ஆனால் அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

“யாரு இதை வெளியில எடுத்தது?”

“நான்தான்,” என்றாள் திப்பவான். “உங்க வண்டியோட பிரேக்கைத் தின்னது இதுதான் ஜே. இவர் இல்ல. இது இருந்தா டிஸ்க் பன்னிரண்டு கோடு ஆடுது. எடுத்தா ரெண்டு. கம்மூன் மாமா கேஜோட வந்து காட்டத் தயாரா இருக்காரு. அவர் உங்க பேரைச் சொல்லலை, அதையும் சொல்லிடறேன்.”

ஜே நீண்ட நேரம் தகட்டையே பார்த்தாள். தாயத்தில் வண்டி ஓடுவதில்லை என்ற குரல் எங்கோ போயிருந்தது.

“என் தம்பி அந்த மலை ரோட்டுலதான் உயிரை விட்டான்,” என்றாள். “திரும்பி வரும்போது, இடது பக்கப் பள்ளத்துல. அவன் நல்ல டிரைவர். நல்லா ஓட்டுறது மட்டும் போதாதுன்னு எனக்கு அன்னிக்குத் தெரிஞ்சுது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு பழைய குரல் பாதி திரும்பியது. “எடுத்துட்டீங்க, சரி. இனி வண்டி கவிழ்ந்தா பொறுப்பு யாரு? உங்க கேஜா?”

திப்பவான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து பதில் வந்தது.

“நான்தான் ஜே,” என்றான் மானோப். “எட்டு மாசமா உதறுற வண்டியைக் கவிழ்க்காம இறக்கினது நான்தான். உதறாத வண்டியைக் குடுத்துப் பாருங்க.”

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. குங் அவனை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“மூணு வாரம் கழிச்சு மறுபடி உதறினா?” ஜே திப்பவானைக் கேட்டாள்.

“அந்தத் தாளைக் கொண்டாங்க. அன்னிக்கு நான் கையெழுத்துப் போடறேன்.”

ஜே தாளை எடுத்தாள். இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், இழுப்பறையில் போட்டாள். தகட்டைத் துணியோடு எடுத்துப் பின்னால் இருந்த சாமி மாடத்தின் உச்சியில் வைத்தாள். அதற்கு அவள் நுனிக்காலில் எம்ப வேண்டியிருந்தது. யாரும் உதவப் போகவில்லை.

“வெளியில இருக்கிறவனை அனுப்பிடுங்க,” என்றாள் திரும்பாமல். “மானோப், காலையில ஆறரை வண்டி உன்னோடது. போ.”

மானோப் கும்பிட்டான். படியிறங்கும்போது அவன் செருப்புச் சத்தம் சீராக இல்லை. ஓடுவதா நடப்பதா என்று தெரியாத காலின் சத்தம்.

திப்பவான் பையை எடுத்தாள். வீட்டுக்குப் போய் இந்தக் காபிக் காற்சட்டையைத் தூக்கி எறிய வேண்டும்.

“கொஞ்சம் இருங்க,” என்றாள் ஜே.

அவள் இன்னும் மாடத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

“சாமியார்கிட்ட ரெண்டு தகடு வாங்கினேன். இன்னொண்ணை ஏழாம் நம்பர் வண்டியில வச்சேன். அதுவும் உதறுச்சு. அதை ஓட்டினவன் நான் இல்ல நான் இல்லன்னு தலையில அடிச்சுக்கிட்டான். அப்ப உங்களை மாதிரி ஆளைக் கூப்பிடணும்னு எனக்குத் தோணல. மழைக்காலத்துல அவனை அனுப்பிட்டேன். வண்டியையும் வித்துட்டேன்.”



ஜே திரும்பினாள். அந்த முகத்தில் முதலாளி யாரும் இல்லை. “இப்ப எங்க இருக்கான்னு தெரியாது. பழம் பறிக்கப் போயிட்டான்னாங்க. எல்லைப் பக்கம்னாங்க.”

திப்பவான் பையைத் திரும்பக் கீழே வைத்தாள். எழுதாமல் விட்ட தன் அறிக்கைத் தாளை அதிலிருந்து எடுத்துத் திருப்பிப் போட்டு, பேனா மூடியைக் கழற்றினாள்.

“பேரு சொல்லுங்க ஜே. முழுப் பேரு.”